முழக்கத்தார் வாயடைத்த பங்குனி

உலகத்து நூலகர்கள் எல்லோரும் "உஸ்" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர்கள். எங்கள் உருத்திரபுரத்து வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட முழக்கத்தார் மட்டும் விதிவிலக்கு. அவர் வாயைத் திறந்தால், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழை வருகிறதென்று குடையை விரிப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் சங்கத்துக் கடதாசிகளில் எங்கோ இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அந்தக் குரல் காட்டோரத்து வயல்களில் காவல் இருந்து சம்பாதித்தது. பன்றி வந்தால் ஒரு சத்தம், யானை வந்தால் இன்னொரு சத்தம். யானைக்கு அவர் இரண்டாம் தடவை கத்தியதாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. காவற்கொட்டிலில் கையில் கிடைத்த கடதாசியை எல்லாம் வாசித்துத் தள்ளிய ஒரே மனிதர் என்பதால், கிராமச் சங்கம் அவரைக் கூப்பிட்டு ஒரு மேசை, ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு கதவில்லாத அலுமாரி எல்லாவற்றையும் ஒப்படைத்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வடமராட்சியிலிருந்து கலியாணம் முடித்து அங்கே போனேன். எங்கள் வளவுக்கும் வாசிகசாலைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். என் கணவர் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். மாமியோ என்னோடு கதைப்பதை மிச்சம் பிடிப்பவர். "இஞ்சை, உப்புக் காணாது." "இஞ்சை, மாடு நிக்குது." அவ்வளவுதான். புத்தகம் மட்டும் இல்லாதிருந்தால் நான் அழுதுகொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

முழக்கத்தாரின் நிர்வாகம் தனி நிர்வாகம். செய்திப் பலகையில் உலகச் செய்திகளுக்கு மேலே தன்னுடைய செய்தியைச் சுண்ணக்கட்டியால் எழுதுவார்: "இன்று வாய்க்காலில் நாரை மூன்று. ஒன்று நொண்டி. கல் எறிய வேண்டாம்." பங்குனி பிறந்தால் கதவில் பூட்டும் ஓர் அறிவித்தலும் தொங்கும்: "கொன்றை பூத்துவிட்டது. பார்க்கப் போகிறேன். புத்தகம் ஓடாது, பூ உதிர்ந்துவிடும்." ஒருமுறை வயலில் இருந்து பத்திரிகை பார்க்க வந்த இரண்டு கமக்காரர், அவரைப் பிடித்து நாலு பேச்சுப் பேசவென்று தேடிப் போனார்கள். பின்னேரம் மூவருமாகக் கை நிறையக் கொன்றைப் பூவோடு சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

புத்தகத்தின் தலைப்பை அவர் நம்புவதே இல்லை. "தலைப்பு எழுதினவன்ரை விருப்பம் தங்கச்சி. உள்ளுக்கை என்ன நடக்குதெண்டதுதான் கணக்கு" என்பார். பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதுவார். "தங்கை கிணற்றில் விழுகிறது." "கடைசியில் எல்லோரும் அழுகிறது." கேட்ட புத்தகம் திரும்பி வந்தால் சைக்கிளில் வரம்பு வரம்பாகப் போய், உரியவருக்கு அறிவிப்பதும் அவருடைய சேவைதான். யார் எதை வாசிக்கிறார்கள் என்பது ஊருக்கே மனப்பாடம்.

அந்தச் சேவைதான் என் தலையில் விடிந்தது. ஒருநாள் காலை மாமி முற்றத்தில் இருந்து உழுந்து புடைக்கிறா. நான் பக்கத்தில் குப்பை கூட்டிக்கொண்டு நிற்கிறேன். வாய்க்கால் கரையில் முழக்கத்தாரின் சைக்கிள் நின்றது.

"தங்கச்சி! நீங்கள் கேட்ட அந்த மாமியார் சாகிற புத்தகம் வந்திட்டுது! ஓடி வந்து எடுங்கோ!"

சுளகு நின்றது. கோழிகள்கூட நின்றன என்று சொல்வேன். மாமி எழும்பிச் சேலையை உதறினா.

"இண்டைக்குப் பிறகு இந்த வளவுக்கை ஒரு புத்தகம் வரக்கூடாது."

தாய் சொன்னால் சொன்னதுதான் என்று என் கணவரும் கையை விரித்துவிட்டார். அடுத்த இரண்டு கிழமையும் நான் சாமான் சுற்றி வந்த கடதாசியைக் கசக்கி நீவி, சீனிப் பிசுக்கோடு வாசித்தேன். குசினிக்குள் அடுப்படியில் இருந்து யோசித்துப் பார்த்ததில், இந்த வாழ்க்கை எனக்கு ஏலாது என்றுதான் பட்டது. அம்மாவுக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். தபாலில் போடுவதுதான் பாக்கி.

அப்போதுதான், அந்தப் பங்குனியில், ஒரு கரிச்சான் வந்தது. வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிற கறுப்பு வெள்ளைக் குருவி. இருக்கிற காடெல்லாம் விட்டுவிட்டு, வாசிகசாலை அலுமாரியின் மேல்தட்டில் பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் கூடு வைத்து மூன்று முட்டை இட்டது. மறுநாள் வாசிகசாலைக் கதவில் அறிவித்தல் தொங்கியது: "உள்ளே அடைகாத்தல் நடக்கிறது. வாய் திறக்க வேண்டாம். கொட்டாவி விடலாம்."

முழக்கத்தாரும் வாயை மூடினார். ஊர் திகைத்துப் போனது. தும்மிய ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாராம். பின்னேரம் நாலு மணிக்கு வழக்கமாக நடக்கிற வாசிப்பும் நின்றது. பத்திரிகையில் நாளுக்கு ஒரு துண்டாக வந்த தொடர்கதையை, வாங்கில் இருக்கிற நாலு பேருக்கு அவர் உரத்து வாசிப்பது வழக்கம். குசினிக்குள் எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேரும். சொற்கள் வாய்க்காலடியோடு நின்றுவிடும்.

அந்தக் கிழமை மாமி ஒரு நிலையில் இல்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டா. நாலு மணிக்கு வழமைபோலச் சுளகோடு வாய்க்காலடிக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்து கோழியை ஏசினா. எட்டாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றா.

"உந்த மனுசனுக்கு என்ன நடந்தது? தொண்டை அடைச்சுப் போச்சுதோ?"

"இல்லை மாமி. அலுமாரிக்கை குருவி அடைகாக்குதாம். அதுதான் அவர் கதைக்கிறேல்லை."

"ஒரு குருவிக்காகவோ அந்தத் தம்பிக்காரன் கோட்டுக்குப் போனதை அரைவாசியிலை விட்டவர்?"

தம்பிக்காரன் அந்தத் தொடர்கதையில் வழக்குக்குப் போகிறவன். அகப்பை என் கையிலிருந்து விழுந்தது. உழுந்து புடைக்கவென்று இத்தனை மாதமாக மாமி வாய்க்காலடிக்குப் போனது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. எனக்குள் இருந்த கோபம் வாயைச் சும்மா இருக்க விடவில்லை.

"பேப்பரை எடுத்து நீங்களே வாசிச்சிருக்கலாமே மாமி?"

மாமி நிலத்தைப் பார்த்தா. கடிதம் வந்தால் கண் சரியில்லை என்று மகனிடம் நீட்டுகிறவ அவ. எனக்கு அது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"எனக்கு எழுத்துத் தெரியாது பிள்ளை" என்றா. "நீ போய் எடுத்துக்கொண்டு வந்து வாசி."

அந்த வீட்டில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்ட முதல் தரம் அது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாய்க்காலை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது.

முழக்கத்தார் மேசையில் இருந்தார். நான் கேட்க முன்னமே நூலால் கட்டியிருந்த எட்டு நாள் பத்திரிகையை என் பக்கம் தள்ளினார். இரகசியம் என்று நினைத்து அவர் பேசியது மற்றவர்கள் சாதாரணமாகக் கதைப்பதுபோல இருந்தது. அதற்கே கரிச்சான் தலையை நீட்டிப் பார்க்க, அவர் அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்கடை மாமிக்கு. முதல் நாளிலை இருந்து சேர்த்துக் கட்டி வச்சிருக்கிறன்."

"அவ கேக்கிறவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"வாங்கிலை இருக்கிறது நாலு பேர். நாலு பேருக்கு அவ்வளவு சத்தம் என்னத்துக்குத் தங்கச்சி?"

எட்டு நாள் தொடர்கதையையும் இரண்டு பின்னேரத்தில் வாசித்து முடித்தேன். மூன்றாம் நாள் மாமியே, "அந்தப் புத்தகத்தையும் எடுத்து வா, அந்த மனுசி என்னெண்டு சாகிறா எண்டு பாப்பம்" என்றா. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, மருமகளைப் படுத்தின பாட்டுக்கு அந்த மாமியாருக்கு அந்தச் சாவு போதாது என்று தீர்ப்பும் சொன்னா. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அன்று அடுப்பில் போட்டேன்.

குஞ்சுகள் பறந்த பிறகு முழக்கத்தார் பழையபடி முழங்கினார். மாமி வாய்க்காலடிக்குப் போகவில்லை. "அந்த மனுசன் கள்ளனுக்கும் தாய்க்கும் ஒரே குரலிலைதான் வாசிக்கிறது. நீ இரு, நீயே வாசி" என்றா. அந்த அலுமாரி முழுவதையும் நாங்கள் இருவரும் வாசித்து முடித்தோம்.

அவருக்கு நான் நேரில் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய பதில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். யார் எதை வாசிக்கிறார்கள் என்று வரம்பு வரம்பாக அறிவித்த அந்த மனிதர், மாமிக்கு எழுத்துத் தெரியாது என்பதை மட்டும் ஒருவருக்கும் மூச்சு விட்டதில்லை.