தூக்குத் தாத்தாவுக்கு சோபா தாத்தா எழுதிக்கொள்வது

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும், உங்கள் மகளும் மாப்பிள்ளையும், நம் இருவருக்கும் பொதுவான பேத்தியும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் இவ்வளவு நலமாக இருப்பதுதான் என் பிரச்சினையே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போன் பேசும்போதெல்லாம் என் மனைவி பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறாள்.

சென்ற முறை நீங்கள் வந்திருந்தபோது பேத்தியின் பந்து சோபாவுக்கு அடியில் உருண்டு போனது. நல்ல சம்பந்தி என்ன செய்வார்? "அடடா, பந்து உள்ள போயிடுச்சே" என்று சொல்லிவிட்டு, வயதில் இளையவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்களோ சட்டென்று தரையில் உட்கார்ந்தீர்கள், பந்தை எடுத்தீர்கள், அதோடு விட்டிருக்கலாம், குழந்தையையும் ஒரு கையில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையில் கை ஊன்றாமல், சோபாவைப் பிடிக்காமல், ஒரு 'அப்பாடா' கூடச் சொல்லாமல் எழுந்து நின்றீர்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தாலே 'ஐயோ அம்மா', 'ஐயோ அப்பா' என்று என்னைப் பெற்றவர்கள் இருவரையும் கூப்பிட்டுத்தான் எழுவேன். கூடத்தில் இருந்த எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள், பிறகு ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்ப்பதோடு நிற்காமல் "பாத்தீங்களா?" என்றும் கேட்டாள். பையனைப் பெற்றவன் என்ற மிடுக்கில் இத்தனை வருஷம் உங்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். உட்கார மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உங்களைப் போலவே குழந்தையை ஒரு கையில் அள்ளினேன். அள்ளியது உண்மை. எழுந்தது பாதி. மீதிப் பாதியில் முழங்கால் மடங்கி, குழந்தையோடு அழுக்குத் துணிக்கூடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு வாட்டி" என்று கைதட்டினாள். உங்கள் மகள்தான் வெளிறிப் போனாள். தங்கமான பெண், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மாமா, நீங்க சோபாவுல உக்காந்துக்கோங்க. நானே அவளத் தூக்கி உங்க மடியில வைக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் குழந்தை பார்சல் மாதிரி வந்து சேர்கிறது, பார்சல் மாதிரி எடுத்துப் போகப்படுகிறது. குழந்தை புத்திசாலி, இரண்டு தாத்தாக்களுக்கும் பெயர் வைத்துவிட்டாள். நீங்கள் 'தூக்குத் தாத்தா', நான் 'சோபா தாத்தா'. தூக்குத் தாத்தா என்ற பெயரை வெளியாள் கேட்டால் என்னவோ ஏதோ என்று பயப்படுவான். ஆனாலும் அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தால் நான் கௌரவமாக வாங்கிக்கொள்வேன். இரண்டு கையையும் மேலே நீட்டி "தூக்கு, தூக்கு" என்று வருகிற குழந்தை, என்னைக் கண்டதும் கையை இறக்கிவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு அவள் அப்பனிடம் போகிறாள். சம்பந்தி, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அது வலிக்கிறது.

அதிலும் நான் யார்? லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த லிஃப்ட் எத்தனை பேரைத் தூக்கலாம், எதைத் தூக்கவிடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன கை இது. சரியில்லாத லிஃப்டின் கதவில் 'பழுது. உபயோகிக்க வேண்டாம்' என்று பலகை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவேன். இப்போது அதே பலகையை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

சரி, டாக்டரிடம் போனேன். துணைக்கு மனைவியும் வந்தாள், அதுதான் தப்பு. டாக்டர் என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தசை குறைஞ்சிக்கிட்டே போகுது சார்" என்றார். என் மனைவி முகம் மலர்ந்து, "நல்லதாப் போச்சு டாக்டர். இவருக்குக் கெட்ட தசைதான் ரொம்ப வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு" என்றாள். அவர் பொறுமையாக, "அம்மா, நான் சொல்றது சதைக்குள்ள இருக்கற தசை. வயசாக ஆகக் கரைஞ்சிடும். பயன்படுத்தினாத்தான் நிக்கும். சார் காலைல நடக்கறதோட விடாம, கொஞ்சம் எடையும் தூக்கணும். நாற்காலியிலேர்ந்து கை ஊன்றாம எழுந்திரிச்சு எழுந்திரிச்சு உக்காரணும். படி ஏறணும்" என்றார். நான், "காலை நடை தவறாம போறேன் டாக்டர்" என்றேன். "எங்க போறாரு? பார்க் பெஞ்சு வரைக்கும் போறாரு" என்று திருத்தம் வந்தது.

இந்த நேரம் பார்த்து நீங்கள் அனுப்பிய ரப்பர் பட்டை வந்து சேர்ந்தது. கதவில் கட்டி இழுத்தால் தோள் உரமேறும் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கதவு என்று எழுதவில்லை. குளியலறைக் கதவின் வெளிப்பிடியில் கட்டி, மறுமுனையை இடுப்பைச் சுற்றி முடிந்துகொண்டு, பின்னால் சாய்ந்து இழுத்தேன். உள்ளே என் மனைவி இருந்தது எனக்குத் தெரியாது. அவள் கதவைத் திறக்க உள்பக்கம் இழுக்கிறாள், நான் வெளிப்பக்கம் இழுக்கிறேன், "யாருங்க அது கதவப் புடிக்கறது?" என்று அவள் சத்தம் போட, எனக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. ஜெயித்தது யார் என்று எழுதத் தேவையில்லை. கதவோடு சேர்ந்து நானும் உள்ளே போனேன். மூக்குக் கண்ணாடியை வாளியிலிருந்து எடுத்தோம். பட்டையை இப்போது பழைய பத்திரிகைகளைக் கட்டி வைக்கப் பயன்படுத்துகிறாள், நல்ல உழைப்பு.

பிறகு தெருமுனை ஜிம். அங்கே பயிற்சி கொடுக்கிற பையன் அகலத்திலும் உயரத்திலும் இரும்பு பீரோ போல இருப்பான். நான் அவனுக்குப் பீரோ என்றே பெயர் வைத்திருக்கிறேன். பீரோ ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "உங்க டார்கெட் என்ன அங்கிள்?" என்றான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஒரு கொழந்தை" என்றேன். பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்தவன் எடையைக் கீழே வைத்துவிட்டான். பீரோ குரலைத் தாழ்த்தி, "இந்த வயசுலயா அங்கிள்? ஆன்ட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டான். விளக்கிச் சொன்ன பிறகு, "ஓ, பேத்தியா? அதுக்கு நம்மகிட்ட பொற்காலப் பேக்கேஜ் இருக்கு" என்று பூரித்துப் போனான். சுவரில் 'வயது வெறும் எண்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே வயதுவாரியாகக் கட்டணம். பொற்காலப் பேக்கேஜ் என்றால் என்னவென்றால், ரோஜா நிறத்தில் கிலுகிலுப்பை அளவுக்கு ஒரு டம்பெல்லைக் கொடுத்து, "சூப்பர் அங்கிள், செம அங்கிள்" என்று சொல்லி ஒரு போட்டோ எடுப்பார்கள். அதற்கடுத்த வாரம் தெருமுனையில் பெரிய விளம்பரத் தட்டி. 'முன்', 'பின்' என்று இரண்டு படம். 'பின்' என்ற இடத்தில் பீரோ நிற்கிறான். 'முன்' என்ற இடத்தில் நான். காய்கறிக்காரர் தினம் என்னைப் பார்த்து, "எப்ப சார் பின் ஆகப் போறீங்க?" என்கிறார். மானம் கப்பலேறிவிட்டது.

இனி யாரையும் நம்புவதில்லை என்று சொந்தமாக ஒரு திட்டம் போட்டேன். குழந்தையின் எடைக்கு ஓர் அரிசி மூட்டை கட்டினேன். பிடிமானம் பழக வேண்டுமே என்று குழந்தைக்குச் சிறிதாகிப்போன ஸ்வெட்டரை அதற்குப் போட்டேன். இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் ஏறி இறங்கினேன். சும்மா ஏறினால் அலுப்பாக இருந்ததால், "அழாதடா கண்ணு, வீடு வந்தாச்சு" என்று அதோடு பேசவும் செய்தேன். பேசியதில் கவனம் சிதறி, மூட்டை கையிலிருந்து நழுவி, படிப்படியாக உருண்டு, கீழே லிஃப்டுக்குக் காத்திருந்த மூன்றாம் மாடி அம்மாளின் காலடியில் போய் நின்றது. அந்த அம்மாள் கண்டது ஸ்வெட்டரை மட்டும்தான். "ஐயையோ, கொழந்தையப் போட்டுட்டாரே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கட்டடமே படிக்கட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் மகள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். படியெங்கும் அரிசி, நடுவில் கிழிந்த ஸ்வெட்டர், மேலே கையை விரித்தபடி நான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அன்று முதல் குழந்தை என் மடிக்கு வரும்போது இரண்டு பக்கமும் தலையணை வைக்கிறார்கள். நான் சோபா தாத்தாவாகவும் இல்லை. சோபாவின் ஒரு பகுதி ஆகிவிட்டேன்.

மிச்சமிருந்தது நாற்காலிப் பயிற்சி ஒன்றுதான். யாரும் கவனிக்காத இடமாகச் செய்வோம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அங்கே யார் பேசினாலும் யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் பார்க்கவும் மாட்டார்கள் என்று நினைத்தேன். தலைவர், "இந்த வருஷம் செயலாளர் பொறுப்ப யாரு எடுத்துக்கறீங்க?" என்று கேட்ட நேரம் நான் எழுந்து நின்றேன். உடனே உட்கார்ந்தேன். "பரவாயில்ல சார், கூச்சப்படாதீங்க" என்றார். மறுபடி எழுந்தேன், மறுக்கத்தான் எழுந்தேன், மூச்சு வாங்கியது, கைதட்டிவிட்டார்கள். இப்படித்தான் நான் பொதுவாழ்வுக்கு வந்தேன்.

வந்த வேளை, லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் செயலாளராக இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்றால் எவ்வளவு தலைகுனிவு என்று நீங்களே யோசியுங்கள். உதிரிபாகம் எங்கிருந்தோ வரவேண்டுமாம். முடியாதவர்களுக்குப் பின்பக்கம் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் இருக்கிறது, சாவி என்னிடம், யார் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் கேட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளுமாம். முட்டிவலி என்று சதா புலம்புகிற மூன்றாம் மாடி அம்மாளே முகத்தை நிமிர்த்திக்கொண்டு படியேறுகிறார். என் மனைவிதான் கூச்சமில்லாமல் சாவி வாங்கிப் போகிறாள். "வயசாச்சுன்னு ஒத்துக்கறதுல எனக்கு என்ன நஷ்டம்?" என்கிறாள். நான் காலையும் மாலையும் நான்கு மாடியையும் ஏறினேன். முதலில் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறினேன். அப்புறம் நின்று ஏறினேன். ஒரு நாள் 'ஐயோ அம்மா' சொல்ல மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் உங்கள் மகள் கடையிலிருந்து குழந்தையோடு வந்தாள். இரண்டு கையிலும் பை. நான் கீழே படிக்கட்டின் முதல் படியில் நின்றுகொண்டிருந்தேன். "மாமா, நீங்க பையப் புடிங்க, நான் இவளத் தூக்கிக்கறேன்" என்றாள். குழந்தை அதற்குள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் மேலே நீட்டிவிட்டாள். "தூக்கு." உங்கள் மகள் என் முழங்காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பையைக் கீழே வைக்கவில்லை. நான் குனிந்தேன், தூக்கினேன், நிமிர்ந்தேன். ஏறினோம். இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று புறா காட்டினேன். புறா இல்லை, எனக்கு மூச்சு தேவைப்பட்டது. குழந்தை கன்னத்தை என் கழுத்தில் வைத்துக்கொண்டு புறாவைத் தேடினாள். வீட்டு வாசலில், "போதும் மாமா, எறக்கி விடுங்க" என்று உங்கள் மகள் சொன்னாள். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறக்கினேன்.

ஆகவே, அடுத்த மாதம் நீங்கள் வரும்போது தயவுசெய்து தரையில் உட்கார்ந்து எழுகிற வேலை வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு தூக்குத் தாத்தா போதும். லிஃப்ட் இன்னும் சரியாகாததற்குச் செயலாளர் என்ற முறையில் வருந்துகிறேன். பெட்டியோடு நான்கு மாடி ஏறுவது உங்களுக்கு ஒரு பொருட்டா என்ன?

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டில் சின்னவர்கள் அனைவருக்கும் ஆசிகள். நீங்கள் என்றும் போல உறுதியாக இருக்க வேண்டும்; ஆனால் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இதைப் படித்ததும் கிழித்துவிடவும். லிஃப்டுக்கு ஒன்றும் இல்லை, குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறது. வரவேண்டிய உதிரிபாகமும் எதுவும் இல்லை. 'பழுது. உபயோகிக்க வேண்டாம்' என்ற பலகையை மாட்டியது நான்தான். லிஃப்ட் ஓடினால் குழந்தையை யாரும் என்னிடம் கொடுக்க வேண்டிய அவசியமே வராதே! உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் பொய்யாக ஒரு பலகை மாட்டியதில்லை. இந்த விஷயம் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று உங்கள் மகள் குழந்தையோடு கீழே நின்றபோது, பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. பலகையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, "மாமா, இவளத் தூக்கிட்டு வரீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டாள். அதனால் நீங்கள் வருகிற அன்றும் பலகை அங்கேயேதான் இருக்கும். மெதுவாக ஏறி வாருங்கள். மேலே வந்ததும் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். சோபா இப்போது காலி.