விராலின் திருத்த மனு

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், மருதமரப் பொந்துக்குள் பச்சையப்பன் என்ற நீர்நாய் சுஷிக் கடை வைத்திருந்தார். சுஷி என்றால் வேறொன்றுமில்லை. புளிப்பேற்றிய சோற்றைப் பிடித்து, மேலே பச்சை மீன் துண்டு ஒன்றை வைத்துக் கொடுப்பது. பச்சையப்பன் அதோடு நிற்கவில்லை. கடற்பாசிக்குப் பதிலாக வல்லாரை இலையில் சுருட்டினார். சோற்றைப் புளிக்காய்ச்சலில் பிசைந்தார். ஓரத்தில் கொள்ளுத் துவையல் வைத்தார். கடையில் இருக்கை மொத்தம் ஆறுதான். ஆகவே காடே அங்கு போக ஆசைப்பட்டது.

அந்த ஓடையில் மாசிலாமணி என்றொரு விரால் இருந்தார். பச்சை மீன் அவருக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து அயிரையும் கெண்டையும்தான் சாப்பாடு. ஆனால் அவருடைய சம்பந்தி அந்தக் கடைக்கு ஒருமுறை போய்வந்துவிட்டு, "நீங்க இன்னும் போகலையா?" என்று மூன்று விசேஷங்களில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். மாசிலாமணிக்குச் செதிலெல்லாம் கூசியது.

"போனா திரும்பி வருவீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"முன்பதிவு செஞ்சிருக்கேன்டி. முன்பதிவு செஞ்சவனை யார் தொடுவா?"

சகதியில் ஊர்ந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் ஆமை ஆண்டாளம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், நீர்நிலை, ஒவ்வாமை எல்லாம் எழுதியாயிற்று. ஏழாவது கேள்வி, வருகையின் நோக்கம்: (அ) உண்ண, (ஆ) உண்ணப்பட. மாசிலாமணி வாலால்தான் பேனா பிடிப்பார். வால் வழுக்கியது. டிக் (ஆ)வில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

உள்ளே தண்ணீர்த் தொட்டி போட்ட இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு கொக்கு. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல சதைப்பிடிப்பு" என்றார்.

"நன்றி" என்றார் மாசிலாமணி.

பச்சையப்பன் கத்தியோடு வந்து பணிவாகக் கேட்டார். "ஐயா, தலையிலிருந்து ஆரம்பிக்கட்டுமா, வாலிலிருந்தா?"

"எதை?"

"உங்களைத்தான்."

"ஐயையோ, நான் சாப்பிட வந்தவன்!"

"கத்தியைப் பார்த்ததும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கையெழுத்து உங்களதுதானே?"

மாசிலாமணி செவுள் படபடக்க வாசல் பக்கம் கத்தினார். "அம்மா, டிக் மாறிப் போச்சு!"

ஆண்டாளம்மாள் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டினார். "திருத்த மனு கொடுங்க. மூணு பிரதி. விசாரணை முடியறவரைக்கும் வெட்டக்கூடாது."

பச்சையப்பனின் முகம் சுண்டிப்போனது. "பட்டினியாவது போடலாமா?"

"கூடாது. எடை குறைஞ்சா சாட்சியத்தைக் கலைச்சதா ஆயிடும்."

மனு எழுதும்போது மாசிலாமணி மனைவியை நினைத்து அழுதார். பிழைத்துப் போனால் இனி வீண் பெருமைக்கு ஆசைப்படுவதில்லை, கலங்கல் தண்ணீரும் அயிரையும் போதும் என்று சத்தியம் செய்தார். கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிப் பாடத்தில் சேர்த்திருப்பார்கள்.

ஆனால் விசாரிப்பது ஆமை. முதல் பிரதியைப் படிக்கவே ஒன்பது நாள் ஆனது. அதுவரை மூன்று வேளையும் வல்லாரைச் சுருள் வந்தது. முதல் நாள் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாம் நாள் இறங்கியது. ஐந்தாம் நாள், "துவையல்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். மனைவிக்கு, 'உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே' என்று தவளை மூலம் சொல்லி அனுப்பினார். இருபதாம் நாள், கத்தி தீட்ட வந்த பச்சையப்பன், "இந்த மாங்காய் இஞ்சிச் சுருள் தேறுமா, பாருங்க" என்று அவரிடமே நீட்டினார். கடைக்கு வருகிறவர்கள் எதைச் சாப்பிடலாம் என்று அவரைக் கேட்டுத்தான் கொண்டுவரச் சொன்னார்கள்.

நாற்பத்தோராம் நாள் தீர்ப்பு வந்தது.

"மனு ஏற்கப்பட்டது. நீங்க உண்ண வந்தவர்தான். உண்டாச்சு, கிளம்பலாம். அடுத்த முன்பதிவு ஏழு மாசம் கழிச்சு" என்றார் ஆண்டாளம்மாள்.

மாசிலாமணி வெளியே எட்டிப் பார்த்தார். கோடையில் ஓடை முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. முன்னால் இருந்த தட்டைப் பச்சையப்பன் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு உண்டாம்மா?"

"உண்டு. ஜெயிச்சா நீங்க உண்ணப்பட வந்தவர்னு ஆயிடும், வெட்டுவாங்க."

"எத்தனை நாளாகும்?"

"அதை விசாரிக்கிறது எங்கம்மா. அவங்க என்னைவிட மெதுவு."

மாசிலாமணி வாலால் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஆறு பிரதி கொடுங்க."

நீதி: நியாயம் கிடைத்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்; வழக்கு கிடப்பில் உள்ளவனுக்கே வேளாவேளைக்குச் சோறு.