கார் நின்ற இடத்தில் சுராபி அடுப்பு

ஹெர்மாவன் அன்று ஒரு சபதம் எடுத்தான். தன் கார் ஷெட்டில் காரைத் தவிர வேறெதுவும் நிற்காது. கடை போட்டே தீருவேன் என்று மனைவி இமாஸ் அடம்பிடித்தால், முதலில் முழுத் திட்டத்தையும் கொடுக்கட்டும். எத்தனை அடுப்பு, எத்தனை பெஞ்சு, வருஷக் கடைசியில் கடை எப்படி இருக்கும், எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாண்டுங் நகரில் அவன் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியில் 'அஜைல்' என்கிற வேலைமுறைக்கு அவன்தான் குரு. "முழுத் திட்டம் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. ரெண்டு வாரத்துல சின்னதா ஒண்ணு செஞ்சு வாடிக்கையாளர் கையில கொடுங்க. அவங்க சொல்றதைக் கேட்டு மாத்துங்க" என்று பேசிப் பேசியே அங்கிருப்பவர்கள் காதில் ரத்தம் வரவைத்தவன். போதாக்குறைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு. வெங்காயம் உரித்துக்கொண்டே அதையெல்லாம் கேட்டுத் தொலைத்தவள் இமாஸ்.

வேலை பார்த்த தையல் ஃபாக்டரியை மூடியதிலிருந்து அவளுக்குச் சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டும் என்று ஏக்கம். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து மண்சட்டியில் சுடும் சுராபி அவள் கைக்கு அப்படி வரும். ஹெர்மாவனுக்கோ கார்தான் உயிர். பழைய வண்டிதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதைக் குளிப்பாட்டும் அழகைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கே பொறாமை வரும்.

"ஏங்க, திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. வாசல்ல ஒரே ஒரு அடுப்பு. ரெண்டு வாரம் பார்ப்போம். யாரும் வாங்கலைன்னா நானே தூக்கிடறேன்."

"ஒரே ஒரு அடுப்பா?"

"ஒண்ணே ஒண்ணு. உங்க கார் மேல சத்தியம்!"

சிரித்துக்கொண்டே சரியென்றான். ரெண்டு வாரத்தில் ஆசை அடங்கிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

எங்கே அடங்கியது? விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்பும் தெருவே அந்த அடுப்பைச் சுற்றி நின்றது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, எதிர்வீட்டு பாக் தாதாங்குக்கு நனைஞ்சுக்கிட்டே தின்ன முடியலையாம். அடுப்பை ஒரு முழம் ஷெட்டுக்குள்ள தள்ளிக்கட்டுமா?"

"ஒரு முழம்தானே?"

"ஒரே முழம்!"

அடுத்த ரெண்டு வாரத்தில் வயசானவர்களுக்குக் கால் வலித்தது. ஒரு பெஞ்சு வந்தது.

"பெஞ்சு போட்டதுல கார்க் கதவு திறக்க மாட்டேங்குதுங்க."

"யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? நேத்து நீங்கதான் டிக்கி வழியா இறங்கினீங்களே, பாவம்."

அவ்வளவுதான், ஹெர்மாவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும் இமாஸ்! இதுக்கு மேல ஒரு அங்குலம் கிடையாது. எழுதிக் கையெழுத்துப் போடு!"

"போடறேன். ஆனா ஒப்பந்தத்தைவிட வாடிக்கையாளரோட பேசறதுதான் பெருசுன்னு போன வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் வெளியிலதான் இருக்காங்க. நீங்களே பேசிடுங்களேன்."

விறுவிறுவென்று போனான். பக்கத்து வீட்டு இபு ரொஹானா தட்டைக் காரின் மூக்கில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாப்பா. ஒதுங்கத்தான் இடமில்ல. அது கிடக்கட்டும், உன் பொண்டாட்டி முகத்தைப் பாரு. ஃபாக்டரி மூடினதுக்கப்புறம் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்ல."

பார்த்தான். கன்னத்தில் மாவு, கண்ணில் புகை. யாரையோ அதட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனுஷங்கதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டிலிருக்கும் ஒருத்திக்கு ஒரு கார் நிற்கிற இடத்தைக் கொடுக்க மூக்கால் அழுதிருக்கிறான். யாரும் கேட்காமலே சாவியை எடுத்துவந்து, காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நனைந்துகொண்டே திரும்பியவனுக்கு, தான் ஒரு பெரிய தியாகி என்று நினைப்பு.

"உண்மையைச் சொல்லு இமாஸ். இந்த மொத்தத் திட்டமும் ஆரம்பத்துலயே உன் மனசுல இருந்துச்சா?"

"ஐயையோ, எனக்கேதுங்க திட்டம்? அடுத்த ரெண்டு வாரத்துக்கு மேல நான் யோசிக்கிறதே இல்ல." சுடச்சுட ஒரு சுராபியை அவன் கையில் வைத்தாள். பிறகு, திறந்திருந்த கதவு வழியாக ஹாலை எட்டிப் பார்த்தாள்.

"அந்த சோபாவை நீங்க ஒருத்தரே தூக்கிடுவீங்களா, இல்ல ஆள் கூப்பிடணுமா?"