கண்டக்டரின் உறுமல்

"என்னங்க, இன்னொரு தடவை உறுமுங்க" என்றாள் மனைவி.

கண்டக்டர் மூச்சை இழுத்து உறுமினார். புலி வரவேண்டிய இடத்தில் குயில் வந்தது.

"அடடா, எவ்வளவு இனிமை!"

"அதுதாண்டி என் தலையெழுத்து!"

பிழைப்புக்கு பஸ், உயிருக்கு மெட்டல் இசைக்குழு. அவர்கள் பாட்டு ஒன்று ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஓடும். முடிந்தது என்று எழுந்தால் மறுபடி இடிக்கும். தாளம் நடுநடுவே கட்சி மாறும். அத்தனைக்கும் மேலே இவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார்.

ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. "பாட்டை ஸ்டூடியோவிலதான் தருவேன். குரல் சரியில்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று கிடாரிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டான். பயந்துபோன மனுஷன், தொண்டைக்கு ஓய்வு என்று ஒரு வாரம் லீவு போட்டார். வருஷக்கணக்காக 'டிக்கெட், டிக்கெட்' என்று கத்திச் சேர்த்த கரகரப்பு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டது. இன்று மத்தியானம் ரெக்கார்டிங்!

ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தார். தும்மல்தான் வந்தது.

"சண்டை போட்டா தொண்டை கட்டும். வா, சண்டை போடலாம்."

"சும்மா எப்படிங்க வரும்? எங்கம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் தொண்டை கட்டியது அவளுக்குத்தான். இவருக்கு வாயைத் திறக்க இடைவெளி கிடைத்தால்தானே!

பஸ் நிலையத்துக்கு ஓடினார். நிற்கிற பஸ்ஸுக்கெல்லாம் "ஏறு, ஏறு!" என்று கூவினார். ஜனம் நம்பி ஏறியது, கண்ட பஸ்ஸிலும் ஏறியது.

"யோவ், இது எங்கய்யா போகுது?"

"இறங்குங்க, இறங்குங்க!" என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கத்தினார். அதில் குயிலும் போனது, புலியும் வரவில்லை.

ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார். "புஸ்..." பஞ்சரான டயர் தோற்றது. இனி வேறு ஆள்தான். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. கிடாரிஸ்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

டிரம்ஸ் பின்னாலிருந்து மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? இந்தப் பாட்டுல உறுமலே கிடையாதே! ஆல்பம் பூரா உறுமின மனுஷன் கடைசியில இழைஞ்சு இழைஞ்சு பாடணும்னு, உங்களுக்காகவே எழுதினது!"