தாழ்ப்பாள் போட்ட கலைப்படைப்பு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெருஞ்சாதனை, வீடில்லாத இளைஞர்களுக்கு வண்ணக் காகிதம் கொடுத்ததுதான். அதைச் செய்த மறுவாழ்வு மன்றத்தின் செயலாளர் அடியேன் என்பதால், அடக்கம் கருதி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களிடம் வந்தவர்கள் பேருந்து நிலையத்திலும் பாலத்தடியிலும் படுக்கும் பிள்ளைகள். முகமூடி செய்யச் சொல்லிக்கொடுத்தோம். மரம்போல் அசையாமல் நிற்கச் சொன்னோம். எங்கே நின்றாலும் விரட்டப்பட்டவர்கள் என்பதால் இதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்கள்.

அவர்களில் ஒருத்தி துணிமூட்டையைக் கீழே வைக்கவே மாட்டாள். அதனால் அவள் பெயரே "மூட்டை". முதல் நாளே கேட்டுவிட்டாள்: "சார், படுக்க எடம் தருவீங்களா?"

எங்கள் கலை ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்ல மனசைத் திறக்கணும்மா."

"தெருவுல எல்லாமே தொறந்துதான் சார் கெடக்கு. மூடுறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

ஆலோசகர் இதைக் கவிதை என்று முடிவுகட்டி அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்.

கண்காட்சியின் தலைப்பு "என் கனவு இல்லம்". மற்றவர்கள் அட்டையில் மாளிகை ஒட்டினார்கள். மூட்டை மட்டும் பழைய பலகைகளைப் பொறுக்கிவந்து, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு நிஜ அறையே கட்டினாள். கதவு வைத்தாள். கதவின் உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாளும் வைத்தாள். கலைக்குத் தாழ்ப்பாள் எதற்கு? செயற்குழு கூடி விவாதித்து, அது "சமூகத்தின் மூடிய மனம்" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

திறப்பு விழாவில் எங்கள் மன்றத்தின் தலைவியம்மா நாடாவை வெட்டினார். கைதட்டல் அடங்கியதும், மூட்டையின் அறைக்குள்ளிருந்து 'டக்'கென்று தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தலைவியம்மா கதவைத் தட்டினார். "யாரும்மா உள்ள?"

"நான்தான்க்கா. தூங்கப் போறேன்."

"இது கண்காட்சிம்மா!"

"நீங்க பாட்டுக்குப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"உள்ள ஆள் இருந்தா இது கலையே இல்ல! வெறும் வீடா ஆயிடும்!" என்று ஆலோசகர் அலறினார்.

"அதுக்குத்தானே சார் கட்டுனேன்."

அப்புறம் குறட்டைதான் வந்தது. இத்தனை வருஷம் ஒரு கண்ணால் தூங்கி, ஒரு கண்ணால் மூட்டையைக் காத்தவள், அன்றுதான் இரண்டையும் மூடியிருக்கிறாள். எழுப்ப எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே! அங்கேயே அவசரக் கூட்டம் போட்டு, "காட்சிப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்காக" அவளை வெளியேற்றத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

காவலாளி கீல்களைப் பக்குவமாகக் கழற்றினார். பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவளை இழுத்து வந்ததில் கீறல் அவள் முழங்கையில்தான் விழுந்தது.

திட்டம் மாபெரும் வெற்றி. வெளியே மழை கொட்டுகிறது. வாசல்படியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அவள் கட்டிய அறைக்கு ஏசி உண்டு, காவல் உண்டு, காப்பீடும் உண்டு. இனி யாரும் அதை விரட்ட முடியாது. ஆம், நாங்கள் ஒரு வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டோம்.