வேட்டைக்கு வேட்டி

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பது, அடியோடு தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது. அடியோடு தெரியாதவன் பேசாமல் வீட்டில் கிடப்பான். அரைகுறைக்காரன் குளித்து முழுகி, சந்தனம் பூசி, கையில் தேங்காயுடன் புறப்பட்டுவிடுவான். நான் அப்படிப் புறப்பட்டவன்.

(இதை எழுதச் சொன்னவள் என் மனைவி. நான் எழுதாவிட்டால் தானே எழுதப்போவதாக மிரட்டினாள். அவள் எழுதினால் நான் மரத்திலிருந்து விழுந்ததாகவும் சேர்த்துவிடுவாள். நான் விழவில்லை. விழுந்தது தேங்காய்.)

1986ஆம் ஆண்டு. ஹனோவருக்கு வெளியே, இரண்டு காடுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சிறிய ஊர். அங்கே ஓர் அகதி விடுதியில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் சிலர் இருந்தோம். வேலை அனுமதி வந்ததும் எனக்கு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. (கோப்பை என்பது மரியாதைக்குச் சொல்வது. கழுவியதெல்லாம் என்னை உள்ளே வைத்து மூடக்கூடிய அண்டாக்கள்.)

முதலாளியின் பெயர் ஹெர் ஹாசே. ஹெர் என்றால் திரு, ஹாசே என்றால் முயல். மனிதரோ வேட்டைக்காரர். ஆறடி உயரம், பச்சைத் தொப்பி, நரைத்த மீசை. காட்டில் கொம்பு கோணலான ஒரு கிழட்டு மான் அவருக்குப் பல வருடமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் அவர் சூப்பில் உப்புக்கூடப் போடமாட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய அடுப்படியில் ஓர் இடம் காலியானது. சமையல் பழகுவதற்கு ஒருவரை எடுக்கப்போகிறார் என்றார்கள். அதை அங்கே அவுஸ்பில்டுங் என்பார்கள். அந்த இடம் கிடைத்தால் எனக்கு ஒரு தொழில் இருக்கும், இந்த நாட்டில் நாலு பேர் மதிப்பார்கள், விரல்களுக்கிடையில் தோல் உரிவதும் நிற்கும். அதற்காக நான் ஏங்கினேன். முதலாளி கடந்துபோகும் போதெல்லாம் ஏற்கெனவே கழுவிய அண்டாவை எடுத்து இன்னொரு முறை கழுவினேன்.

ஒரு வியாழக்கிழமை, நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நிற்கையில், ஹெர் ஹாசே பின்னால் வந்து தோளில் தட்டினார். தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: சனிக்கிழமை, ஹொக்ஸைட், நீயும் வா, விடிய ஐந்து மணி, சூடாக உடுத்திக்கொள்.

ஹொக்ஸைட் என்றால் கல்யாணம். அவருடைய மகள் மோனிகாவுக்கு நிச்சயமாகியிருந்தது ஊருக்கே தெரியும். முதலாளி தன் மகளின் கல்யாணத்துக்குக் கோப்பை கழுவுகிறவனைக் கூப்பிடுகிறார்! "யா, யா" என்று தலையை ஆட்டினேன்.

விடுதிக்கு ஓடி, சிவராசா அண்ணையிடம் சொன்னேன். எங்களில் மூத்தவர் அவர். எங்களைவிட ஆறு ஜெர்மன் சொற்கள் கூடத் தெரிந்தவர் என்பதால் எங்களுக்கு எல்லாவற்றிலும் அவர்தான் கடைசித் தீர்ப்பு.

"விடிய அஞ்சு மணிக்கோ கலியாணம்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. ரெண்டு தரம் சொன்னவர்."

அண்ணை கண்ணை மூடி யோசித்தார். "பிரம்ம முகூர்த்தமடா தம்பி. இவங்களும் நாள் நட்சத்திரம் பாக்கிறாங்கள். நாங்கள்தான் இவங்களைப் பிழையா விளங்கி வச்சிருக்கிறம்."

அதன்பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அண்ணை தன் பெட்டியைத் திறந்தார். மற்றவர்கள் குளிருக்குப் பயந்து கம்பளிச் சட்டை கொண்டுவந்தபோது, பட்டு வேட்டியும் சால்வையும் கொண்டுவந்த ஒரே அகதி அவர்தான். "கறை படாமல் கொண்டு வா, என்ன?" என்று சொல்லித் தந்தார். வெறுங்கையோடு போக ஏலாது என்று ஹனோவர் கடையில் ஒரு தேங்காய் வாங்கினோம். தாம்பாளம் இல்லை, பேக்கரித் தகரத் தட்டு இருந்தது. அதில் தேங்காய், வாழைப்பழம், ஆப்பிள், இரவோடு இரவாகச் சுட்ட முறுக்கு. சூடாக உடுக்கச் சொன்னாரே என்று வேட்டிக்குள் கணுக்கால் வரை கம்பளி உள்காற்சட்டை போட்டேன். (இந்த ஒரு புத்திதான் பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது.) கடைசியாக, விடுதியில் இருந்த எல்லாருடைய வாசனைத் தண்ணீரையும் என்மேல் தெளித்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை இருட்டோடு ஹெர் ஹாசேயின் ஜீப் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் முதலில் தும்மினார். பிறகு என் சந்தனப் பொட்டையும், பெரிய கோட்டுக்குக் கீழே தெரிந்த வெள்ளை வேட்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள் நாட்டில் இதற்கு இப்படித்தான் போவீர்களா?"

"யா. என் அப்பாவும் இப்படித்தான் போனார்."

"அந்தத் தட்டு?"

"இது இல்லாமல் போகக்கூடாது."

பிற நாட்டு வழக்கத்தை மதிக்கத் தெரிந்த மனிதர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காட்டோரத்தில் இறங்கியபோது அவர் பின் இருக்கையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். நான் தட்டோடு ஜீப்பின் மறுபக்கம் ஒதுங்கினேன். அந்தச் சாமானுக்குப் பயந்துதானே நான் இவ்வளவு தூரம் ஓடிவந்தேன்? பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் கல்யாணங்களில் வெடி கொளுத்துவதில்லையா? இவர்கள் துப்பாக்கியால் வெடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சத் தூரம் நடந்ததும் ஒரு பெரிய மரம். அதில் ஓர் ஏணி. அவர் ஏறச் சொன்னார். மணப்பெண் மேலேயா இருப்பாள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவுஸ்பில்டுங் போய்விடும். தட்டைச் சால்வையால் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஏறினேன். மேலே ஒரு பலகை, சுற்றிலும் தடி வேலி. எங்கள் ஊரில் தினைப்புனம் காக்கக் கட்டும் பரண் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அச்சாக அது.

ஹெர் ஹாசே பக்கத்தில் அமர்ந்து, பலகையைப் பாசத்தோடு தட்டிக் காதருகில் சொன்னார்: "ஹோக்ஸிட்ஸ்."

ஹோக் என்றால் உயரம். ஸிட்ஸ் என்றால் இருக்கை. ஹொக்ஸைட் அல்ல, ஹோக்ஸிட்ஸ். கல்யாணம் அல்ல, பரண்.

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. உண்மையைச் சொன்னால் முட்டாள் என்று நினைப்பார், முட்டாளிடம் யார் அடுப்பைக் கொடுப்பார்கள்? இதற்காகவே பிறந்தவன்போல் இருந்துவிடுவது என்று முடிவு செய்து, மடியில் தட்டோடு காட்டை உற்றுப் பார்த்தேன்.

"உங்கள் ஊரில் வேட்டை உண்டா?" என்று கிசுகிசுத்தார்.

"உண்டு. வருடத்துக்கு ஒருமுறை. வில்லும் அம்பும்." (நான் சொன்னது எங்கள் கோயில் வேட்டைத் திருவிழாவை. சுவாமி வில்லோடு போவார், நாங்கள் பின்னால் போவோம்.)

அவர் கண்கள் விரிந்தன. "வில்லா! இங்கே அதற்குச் சட்டம் இடம் தராது. நீயும் போயிருக்கிறாயா?"

"ஒவ்வொரு வருடமும்."

"என்ன கிடைக்கும்?"

"கடலை," என்றேன்.

அவர் தொப்பியைச் சற்று உயர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

விடியத் தொடங்கியது. புல்வெளியில் மூடுபனி கலைந்தபோது, அதன் நடுவில் அது நின்றது. கோணல் கொம்பு. ஹெர் ஹாசேயின் மூச்சு நின்றுவிட்டது. மெல்லத் துப்பாக்கியை உயர்த்தினார். எனக்கும் அந்த மானை நன்றாகப் பார்க்க ஆசை. ஒரு சின்ன ஆசைதான். கழுத்தை ஒரு விரற்கடை நீட்டினேன்.

தட்டு சரிந்தது. தேங்காய் உருண்டது. உருண்ட தேங்காய் நேரே கீழே விழுந்திருக்கலாம். அது ஏணிப்படி ஒவ்வொன்றிலும் டொக், டொக், டொக் என்று நிதானமாக இறங்கிப் போனது. பின்னால் வந்த தகரத் தட்டு கோயில் சேமக்கலம் போல முழங்கியது. மான் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தது, நாய் குரைப்பதுபோல இரண்டு முறை குரைத்து எங்களைத் திட்டியது, போய்விட்டது.

ஹெர் ஹாசே துப்பாக்கியைத் தாழ்த்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"அது என்ன?"

"தேங்காய்."

"எதற்கு?"

இனி மறைத்து என்ன பயன்? "மோனிகாவுக்கு," என்றேன். "ஹொக்ஸைட் என்று நினைத்தேன்."

பிறகு பரண் ஆடத் தொடங்கியது. நான் நிலநடுக்கம் என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் சிரித்துப் பழகிய வேட்டைக்காரர், கடைசியில் அடக்கமுடியாமல் வெடித்தபோது அந்தக் காட்டில் மிச்சமிருந்த மிருகங்களும் ஊரைவிட்டுப் போயிருக்கும். மடியில் தப்பிக் கிடந்த முறுக்கை எடுத்து நறுக்கென்று கடித்தார். "கடலை!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

இறங்கும்போது வேட்டி ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் தரைக்கு வந்தேன், அது வரவில்லை. கம்பளி உள்காற்சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு நான் கீழே நிற்க, ஹெர் ஹாசே மறுபடி ஏணியில் ஏறிச் சிவராசா அண்ணையின் பட்டு வேட்டியைக் கிழியாமல் எடுத்துத் தந்தார்.

அண்ணை விடுதி வாசலில் காத்திருந்தார். "கலியாணம் எப்பிடியடா?"

"மாப்பிள்ளை ஓடிட்டார் அண்ணை," என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பல வருடம் காத்திருந்த மானைத் துரத்திவிட்டவனுக்கு அடுப்படி எங்கே கிடைக்கும், கோப்பை கழுவும் தொட்டியும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை போனால், என் ரப்பர் ஏப்ரன் தொங்கும் ஆணியில் அது இல்லை. அதனிடத்தில் சமையற்காரர் கட்டும் வெள்ளை ஏப்ரன் தொங்கியது. நான் பிழையான ஆணி என்று விலகி நின்றேன்.

"கட்டு," என்றார் ஹெர் ஹாசே. "வெள்ளை உனக்கு நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை பார்த்தேனே."

நான் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். அன்று வெங்காயம் உரிக்கவே இல்லை.

1989இல் ஹனோவரில் என் கல்யாணம். ஹெர் ஹாசேக்கு நேரில் போய்ச் சொன்னேன், ஒவ்வோர் எழுத்தாக: ஹொக்ஸைட். அவர் வந்தார். பச்சைத் தொப்பி, அதில் இறகு, வேட்டைக் கோட்டு, முழங்கால் வரை சப்பாத்து, கழுத்தில் தூரக்கண்ணாடி. பட்டுச் சேலைகளுக்கு நடுவே நேராக மணவறைக்கு நடந்து வந்தார். கையில் ஒரு தகரத் தட்டு, அதில் ஒரு தேங்காய்.

"இது இல்லாமல் போகக்கூடாது," என்றார்.

மணப்பெண் ஏனென்று என்னைப் பார்த்தாள். தாலி கட்டும் முன்பே முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எந்தக் கல்யாண அழைப்பு வந்தாலும் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "இது கீழயோ, மரத்திலயோ?" என்பதுதான். போன வருடம் என் மகள் தன் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துவிட்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்:

"அப்பா, மண்டபம் நிலத்திலதான் இருக்கு. ஏணி தேவையில்லை."