இருபதாவது மீட்டர்

பத்தொன்பது வீட்டுத் தண்ணீர் மீட்டர்களும், தெருவின் மேல் பறந்து அளவு கேட்ட ட்ரோனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டன. தெருக்கோடி வீட்டு மீட்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மீட்டர்காரர் மரத்தடி நாற்காலியில் நெளிந்தார். இருபத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி அளவெடுத்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்றைய ட்ரோன் சோதனை மட்டும் தேறிவிட்டால், இனி இப்படி மரத்தடியில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் இருபதும் வந்தாக வேண்டும் என்று அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"அது தூங்குதுண்ணே," என்றார் கூட வந்த ஜீப் டிரைவர். "பேட்டரி பத்து வருஷம் வரணுமில்ல? பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்தான் கண்ணு முழிக்குமாம்."

"நம்ம ஆபீஸ்ல இருக்க வேண்டியது."

மீட்டர்காரர் அந்த வீட்டு வாசலில் ட்ரோனைத் தாழ இறக்கி மிதக்கவிட்டார். அது கிளப்பிய காற்றில் கொடியில் காயப் போட்டிருந்த போர்வை பறந்து சேற்றில் விழுந்தது. வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தார்.

"என்ன சார் இது? இப்பதான் துவைச்சுப் போட்டேன்."

"அஞ்சே நிமிஷம்மா. உங்க மீட்டர் முழிச்சதும் போயிடுவேன்."

"முழிக்கறதுக்கு அது என்ன குழந்தையா?"

வம்பே வேண்டாமென்று ட்ரோனை மேலே தூக்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து அதற்கு சார்ஜ் தீர்ந்தது. மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மணி பதினொன்றே முக்கால். படிகள் முப்பத்திரண்டு. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி, ட்ரோனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். வேறு பேட்டரி போட்டார். மீட்டர் இருந்த குழிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, ட்ரோனை அதன் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தார்.

வீட்டுக்கார அம்மாள் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அதான் நம்பர் நல்லாத் தெரியுதே சார். எழுதிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எழுதக் கூடாதும்மா. அதுவாச் சொல்லணும்."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மீட்டர் விழித்தது. கைத்திரையில் பச்சை விளக்கு எரிந்தது. இருபதுக்கு இருபது. மீட்டர்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் போர்வையைத் தானே அலசித் தருவதாகக்கூடச் சொல்லிவிட்டார்.

டிரைவர் அதிகாரிக்கு போன் போட்டுவிட்டு வந்தார்.

"என்னப்பா சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷம்ணே அவருக்கு. ஒண்ணுகூட விடாம எல்லாம் தானா வந்துடுதில்ல, இனிமே ட்ரோனை ஆபீஸ்ல இருந்தே அனுப்பிக்கலாமாம். உங்களை நாளையிலிருந்து விமான நிலையத்துப் பக்கம் போகச் சொன்னாரு. அங்க ட்ரோன் பறக்கக் கூடாதாம், வீடு வீடா நடந்துதான் ரீடிங் எடுக்கணுமாம்."

மீட்டர்காரர் எழுந்திருக்க முயன்று, மறுபடியும் படுத்துக்கொண்டார்.

டிரைவர் குனிந்து ஆறுதலாகச் சொன்னார்: "ஒரே ஒரு மீட்டர் விட்டுப்போயிருந்தாக்கூட, தெருவுல ஆள் வேணும்னு உங்களையே இங்க உக்கார வெச்சிருப்பாராம்ணே."